சாவியும் சாவடியும்

பிழைப்பின் பொருட்டுப் பிறந்த ஊரை விட்டு அயல்நாடு சென்று வாழும் குடும்பங்கள் ஒவ்வொன்றிலும், ஊரில் உள்ள யாரேனும் ஒருவர் கையில் ஒரு சாவி ஒப்படைக்கப்பட்டிருக்கும். சில இல்லங்களில் அது வீட்டுச் சாவி. சில இல்லங்களில் வங்கி அட்டையும் அதன் இரகசிய எண்ணும். வேறு சில இல்லங்களில் கையெழுத்திட்ட வெற்றுக் காசோலை. 'நம் பிள்ளைதானே, நம் அண்ணன்தானே' என்னும் நம்பிக்கையே அதற்குப் பிணை. அந்த நம்பிக்கையைக் குறைகூற நாங்கள் வரவில்லை. ஆயினும், நம்பிக்கை வைப்பது வேறு, சாவியை இரவல் கொடுப்பது வேறு என்பதைச் சென்ற விடுமுறையில் ஓர் இரவு நாங்கள் கற்றுக்கொண்டோம். அதைக் கற்றுக்கொடுத்தது எங்கள் தொழிற்கருவியே. பட்ட துன்பத்தை மறைக்காமல் நேயர்களிடம் சொல்லிவிடுவது நலம் என்று தோன்றியது.

'நாங்கள்' என்று எழுதுவது பெருமைக்காக அன்று. கணவனும் மனைவியுமாகிய நாங்கள் இருவரும் வளைகுடா நாட்டு நகரொன்றில் ஒரே நிறுவனத்தில், ஒரே தொழிலில் இருப்பவர்கள். இக்கட்டுரையில் வரும் பிழையை எங்களுள் யார் செய்தது என்பதை இருவரும் சேர்ந்தே மறந்துவிட்டோம். ஆகவே பொறுப்பும் இருவருக்கும் பொது.

எங்கள் பூர்விக இல்லம் திருவனந்தபுரம் மாவட்டம் நெய்யாற்றின்கரை வட்டத்தில், பாறசாலையிலிருந்து களியக்காவிளைக்குச் செல்லும் நெடுஞ்சாலைக்கு அருகே, இஞ்சிவிளைக்கு அண்மையில் இருக்கிறது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் மாநிலங்கள் மொழிவழியே திருத்தி அமைக்கப்பட்டபோது, தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் திருவிதாங்கூர்-கொச்சியினின்று பிரிந்து, அந்நாளைய சென்னை மாநிலத்தில் கன்னியாகுமரி மாவட்டமாக இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. எங்கள் தந்தையார்க்கு அப்போது வயது 12. 'உறங்கி எழுந்தால் அத்தை வீடு வேறு மாநிலம்' என்று அவர் இன்றும் சொல்லிச் சிரிப்பார்.

அந்த எல்லையைக் கண்ணால் காண்பது எளிதன்று. இரு பக்கத்தும் அதே தென்னை, அதே மரச்சீனித் தோட்டம், தமிழும் மலையாளமும் கலந்த அதே பேச்சு. எங்கள் கைப்பேசிக்கு மட்டும் எல்லை நன்கு தெரியும். திண்ணையில் நின்றால் கேரளத்துக் கோபுரத்தின் அலை வரும். கிணற்றடிக்குப் போனால் தமிழ்நாட்டுக் கோபுரத்தின் அலை வந்துவிடும்.

எங்கள் பாட்டனார்க்கு எல்லையின் இருபுறமும் சிறிது நிலம் இருந்தது. மாநிலம் பிரிந்த புதிதில், அப்புறத்து நிலத்தின் பத்திரத்தை எடுத்துக்கொண்டு, பழைய வழக்கப்படி இப்புறத்து அலுவலகம் ஒன்றுக்கு அவர் நடந்து சென்றாராம். அங்கிருந்தவர் பத்திரத்தைப் பார்த்து, 'இது அசல்தான். ஆனால் இவ்விடத்துக்கு உரியதன்று' என்று மரியாதையோடு திருப்பிக் கொடுத்துவிட்டாராம். உடன் சென்ற சிறுவன் எங்கள் தந்தையார். அன்று அவர் கற்ற பாடத்தை எங்களுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார்: "மக்களே, காயிதத்தை நீட்டுகதுக்கு முன்னால, நாம நிக்கது எந்த மண்ணுன்னு பாத்துக்கிடணும்." எங்கள் தொழிலுக்கு இது எத்துணைப் பொருந்தும் என்பதை நாங்கள் அப்போது அறியவில்லை.

எங்கள் தொழில் இன்னதென்று சொல்வதற்கும் எங்கள் வட்டமே உதவுகிறது. நெய்யாற்றின்கரை வட்டத்தைச் சேர்ந்த விழிஞ்ஞத்தில் இன்று பெரிய துறைமுகம் இருக்கிறது. 2024-ஆம் ஆண்டு ஜூலையில் 'சான் பெர்னாண்டோ' என்னும் பெருங்கப்பல் கண்டெய்னர்களைச் சுமந்து முதன்முதலாக அங்கு வந்தது. 2025-ஆம் ஆண்டு மே 2-ஆம் நாள் துறைமுகம் முறைப்படி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. இந்தக் கண்டெய்னர் என்னும் இரும்புப் பெட்டியின் வரலாறும் எங்கள் எல்லைக் கோட்டின் வயதுடையதே. 1956-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் நாள் மால்கம் மெக்லீன் என்னும் அமெரிக்கர் 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பலில் 58 பெட்டிகளை ஏற்றி நெவார்க் துறையிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பாராமல், பெட்டியை மட்டும் தூக்கி வைக்கும் முறை அதனின்று வளர்ந்தது.

கணினித் துறையிலும் பிற்காலத்தில் இதே யுக்தி வந்தது. ஒரு நிரலையும், அது இயங்குவதற்கு வேண்டிய அனைத்தையும் ஒரே பெட்டியில் கட்டிவிட்டால், அப்பெட்டியை எந்தக் கணினியிலும் இறக்கி ஓட்டலாம். 2013-இல் வெளிவந்த 'டாக்கர்' இம்முறையை எங்கும் பரப்பியது. பெட்டிகள் நூறு, ஆயிரம் என்று பெருகும்போது, எதை எந்தக் கணினியில் ஏற்றுவது, ஒன்று நின்றுபோனால் மற்றொன்றை எவ்வாறு எழுப்புவது என்று கவனிக்க ஒரு தலைவன் வேண்டும் அன்றோ? கூகுள் நிறுவனம் 2014-இல் வெளியிட்ட 'குபெர்னெட்டீஸ்' அத்தகைய தலைவன். கிரேக்க மொழியில் அச்சொல்லுக்குக் கப்பலின் சுக்கான் பிடிப்பவன் என்பது பொருள். தமிழில் மீகாமன் என்று சொல்லலாம். மீகாமனின் ஆட்சிக்கு உட்பட்ட கணினிகளின் கூட்டத்தைக் 'கிளஸ்டர்' என்கிறோம்.

அந்தக் கணினிகள் எங்கோ ஒரு நாட்டில் இருக்கும். நாங்கள் பாறசாலை வீட்டின் சாய்ப்பில் உட்கார்ந்து, கறுப்புத் திரையில் ஒரு வரியைத் தட்டினால் அங்கே காரியம் நடக்கும். அவ்வாறு கட்டளை அனுப்பும் கருவிக்குக் 'கியூப்சிடிஎல்' என்று பெயர். அதில் பொத்தான்களோ படங்களோ இல்லை. எழுதிய வரி பிழையற்றிருந்தால், 'மெய்தானா?' என்று கேளாமலே நிறைவேற்றும். 'நீக்கு' என்றால் நீக்கிவிடும்.

இக்கருவி, பயன்படுத்துவோரின் கணினியில் மறைவான ஓர் அடைவில் உள்ள சிறு கோப்பைப் படித்தே தன் வேலையைத் தொடங்குகிறது. அக்கோப்பில் மூன்று பட்டியல்கள் உண்டு. முதலாவது, கிளஸ்டர்கள் எங்கெங்கே இருக்கின்றன என்னும் முகவரிப் பட்டியல். இரண்டாவது, நாம் யார் என்று காட்டும் சான்றுகளின் பட்டியல். மூன்றாவது, 'இன்ன கிளஸ்டரில் இன்ன பெயரோடு நிற்கிறேன்' என்று இரண்டையும் இணைக்கும் பட்டியல். இந்த இணைப்புக்குக் 'காண்டெக்ஸ்ட்' என்று பெயர். இவற்றுள் ஒன்று மட்டும் நடப்பில் இருப்பதாகக் கோப்பில் குறிக்கப்பட்டிருக்கும். வேறு ஒன்றும் சொல்லாமல் கட்டளையிட்டால், அது அந்த நடப்பு இடத்துக்கே சென்றுவிடும்.

கட்டளை சென்று சேரும் வாசலில் என்ன நடக்கிறது என்பதை எங்கள் ஊர்ச் சாவடியைக் கொண்டு விளக்கலாம். 2020-ஆம் ஆண்டு மே மாதத்தில், கொரோனா நோயின் காரணமாக, கேரளத்துக்குள் வருவோர் இணையவழி அனுமதிச் சீட்டுப் பெற்று, குறிப்பிட்ட சில வாயில்கள் வழியாகவே வரவேண்டும் என்று விதி இருந்தது. அவற்றுள் ஒன்று எங்கள் இஞ்சிவிளை. அங்கே கேட்கப்பட்டவை இரண்டு கேள்விகள். முதற்கேள்வி, 'நீ யார்?' என்பது. அதற்கு அடையாள அட்டை. இரண்டாவது, 'உனக்கு வர அனுமதி உண்டா?' என்பது. அதற்கு அனுமதிச் சீட்டு. அட்டை மெய்யாக இருந்தும் சீட்டு இல்லாதவர் நின்றுவிடுவார்.

கிளஸ்டரின் வாசலிலும் இவ்விரண்டும் தனித்தனியே கேட்கப்படுகின்றன. நாம் யார் என்பது விளங்காவிட்டால் 401 என்னும் எண்ணோடு மறுமொழி வரும். நாம் யார் என்பது விளங்கி, ஆனால் கேட்ட காரியத்துக்கு உரிமை இல்லையென்றால் 403 வரும். புதிதாகத் தொழில் பயில்வோர் இரண்டையும் ஒன்றாகக் கருதி மயங்குவர். முன்னது சான்றைத் திருத்தினால் தீரும். பின்னது உரிமை உடையவர் உரிமை வழங்கினால்தான் தீரும்.

மற்றொரு விசேஷம்: குபெர்னெட்டீஸ் மனிதர்களின் பெயர்ப்பட்டியல் எதையும் தன்னிடம் வைத்துக்கொள்வதில்லை. தான் நம்பும் ஓர் அதிகாரத்தின் கையொப்பம் சான்றிதழில் இருந்தால், அதில் எழுதியிருக்கும் பெயரை அப்படியே ஏற்றுக்கொள்ளும். சான்றிதழும் அதற்கு இணையான மறைச்சாவியும் யார் கையில் இருக்கின்றனவோ, அவரே அந்தப் பெயருக்கு உரியவர். முகம் பார்க்கும் வழக்கம் அங்கே இல்லை.

இனி, நடந்ததைச் சொல்லுகிறோம்.

எங்கள் மூத்த தமக்கையின் மகன் பொறியியல் படித்து முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தான். விடுமுறைக்கு வந்த எங்களிடம் எந்நேரமும் தொழில் பற்றிய கேள்விகளையே கேட்பான். 'சும்மா இருக்கும் பிள்ளைக்குக் கை பழகட்டும்' என்று நாங்கள் எண்ணினோம். நிறுவனத்தில் இரண்டு கிளஸ்டர்கள் உண்டு. ஒன்று சோதனைக்கு உரியது. மற்றொன்று மருத்துவ நிலையங்களில் நோயாளிகள் முன்பதிவு செய்வதற்கு இரவும் பகலும் இயங்கும் மெய்யான கிளஸ்டர். எங்கள் கோப்பில் இரண்டுக்கும் வழி இருந்தது. அக்கோப்பை அப்படியே கைப்பேசிச் செய்தியாக அவனுக்கு அனுப்பிவிட்டு, 'சோதனைக் கிளஸ்டரில் மட்டும் பழகு' என்று வாயால் சொன்னோம்.

அதற்கு முந்திய இரவு நாங்கள் மெய்யான கிளஸ்டரில் ஏதோ பார்க்கவேண்டியிருந்தது. பார்த்து முடித்து, கணினியை மூடிப் படுத்துவிட்டோம். நடப்புக் குறி மெய்யான கிளஸ்டரிலேயே நின்றுவிட்டது. அந்தக் குறியோடுதான் கோப்பு அவன் கைக்குச் சென்றது.

அன்றிரவு பதினொரு மணி. பின்கட்டில் அவன் பழகிக்கொண்டிருந்தான். எங்கள் கைப்பேசிகள் இரண்டும் ஒரே சமயத்தில் அலறின. முன்பதிவு நின்றுவிட்டது என்ற அறிவிப்பு. ஓடிச் சென்று கணினியைத் திறந்து பார்த்தால், முன்பதிவுக்கான பெட்டிகள் ஒன்றுகூட இல்லை. அவற்றை எழுப்பவேண்டிய வரையறைகளே நீக்கப்பட்டிருந்தன. யார் நீக்கியது என்று அறியக் கிளஸ்டரின் நிகழ்ச்சிப் பேரேட்டைப் பார்த்தோம். இன்ன நேரத்தில், இன்ன பெயர் உடையவர், இன்னதை நீக்கினார் என்று அது ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லிற்று. அந்தப் பெயர் எங்களுடையது.

இங்கே மற்றொரு குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கள் இருவருக்கும் நிறுவனம் தனித்தனிப் பெயர் தந்திருந்தது. ஆயினும் அவசரத்துக்கு ஒருவர் சாவியை மற்றவர் எடுத்தாள்வது நாளடைவில் வழக்கமாகிவிட்டது. ஆகவே பேரேட்டில் இருந்த அந்த ஒரு பெயரை நாங்கள் இருவருமே பயன்படுத்தி வந்தோம்.

"நீங்கள் ஏதேனும் செய்தீர்களா?"

"நான் தொடவே இல்லை. நீ செய்யவில்லையே?"

இவ்வளவே பேசினோம். ஆனால் அந்தச் சில விநாடிகளில் ஒருவரை ஒருவர் பார்த்த பார்வையை இன்று நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது. பதினான்கு ஆண்டு இல்லறத்தில் நாங்கள் ஒருவர் சொல்லை மற்றவர் ஐயுற்றதில்லை. இரவல் சாவி முதலில் கெடுப்பது கணினியை அன்று. மாசற்றவர் மேல் ஐயம் விழச் செய்வதே அதன் முதல் வேலை என்று அப்போது உணர்ந்தோம்.

அதற்குள் அவன் மடிக்கணினியைக் கையில் ஏந்தியபடி வாசலில் வந்து நின்றான். முகத்தில் இரத்தம் இல்லை.

"மாமா... மாமி... நான் சோதனைன்னு நெனச்சுத்தான் எல்லாத்தையும் அழிச்சேன். ரெண்டுலயும் ஒரே பேரு இருந்துச்சு."

உண்மைதான். முன்பதிவுக்கான பிரிவு இரண்டு கிளஸ்டர்களிலும் ஒரே பெயரில் இருந்தது. தான் நிற்கும் மண் இன்னதென்று அறியாமல் அவன் கட்டளையிட்டுவிட்டான். எங்கள் பெயருக்கு இருந்த முழு உரிமையும் அவன் கையில் இருந்ததால், வாசலில் தடுப்பதற்கு ஒன்றும் இல்லை. அவனுக்கெனத் தனிப் பெயரும் சோதனைக் கிளஸ்டருக்கு மட்டும் உரிமையும் இருந்திருந்தால், 403 என்ற ஒரு வரி வந்திருக்கும். அவனும் 'அடடா' என்று சிரித்துவிட்டுத் திருத்திக்கொண்டிருப்பான்.

நல்வேளையாக, நோயாளிகளின் விவரங்கள் வேறிடத்தில் பத்திரமாக இருந்தன. நீக்கப்பட்ட வரையறைகளின் படிகளும் நிறுவனத்தின் களஞ்சியத்தில் இருந்தன. அவற்றை மீண்டும் கிளஸ்டருக்கு அனுப்பி, பெட்டிகளை ஒவ்வொன்றாக எழுப்பி, முன்பதிவைச் சீராக்க ஐம்பது நிமிடம் ஆயிற்று. அந்த ஐம்பது நிமிடத்தில், காய்ச்சற் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கைப்பேசியைத் தட்டித் தட்டிச் சலித்த தாய்மார் எத்தனை பேரோ!

விடிந்ததும் நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதி நிறுவனத்துக்கு அனுப்பினோம். பிள்ளையின் மேல் பழியைப் போடவில்லை. போடுவது முறையும் அன்று. மெய்யான கிளஸ்டரைத் தொடும் உரிமை எங்களுக்கு ஒரு மாத காலம் நிறுத்திவைக்கப்பட்டது. அது தகும்.

அப்போது ஒரு நுட்பம் எங்கள் மனத்தில் பதிந்தது. கையொப்பமிட்டு வழங்கிய சான்றிதழைக் காலாவதியாகும் முன்னர் தனியே இரத்து செய்ய குபெர்னெட்டீஸில் வழி இல்லை. கையொப்பமிட்ட மூல அதிகாரத்தையே மாற்றினால்தான் உண்டு. அப்படிச் செய்தால் அதனிடம் பெற்ற எல்லாருடைய சான்றிதழ்களும் செல்லாமற்போகும். ஆகவே எங்கள் நிறுவனத்தார் அந்தப் பெயரோடு இணைத்திருந்த உரிமைகள் அனைத்தையும் அவிழ்த்துவிட்டனர். கைப்பேசிச் செய்தியில் சென்ற அந்தச் சான்றிதழ் தன் காலம் முடியும்வரை மெய்யான சான்றிதழாகவே இருந்தது. அடையாளம் உண்டு, அதிகாரம் இல்லை. பாட்டனார் கையில் இருந்த பத்திரம் எங்கள் நினைவுக்கு வந்தது.

இத்தொல்லையின் பொருட்டே இப்போது நெடுங்காலச் சாவிகள் குறைந்து, குறுங்காலச் சீட்டுகள் பெருகி வருகின்றன. கூகுள், அமேசான், மைக்ரோசாப்ட் ஆகிய நிறுவனங்களிடம் கிளஸ்டரை வாடகைக்கு எடுப்போர்க்கு, அந்தந்த நிறுவனத்தின் கட்டளைக் கருவி ஒன்று உண்டு. ஒரே வரியில் அது கிளஸ்டரின் முகவரியைக் கொண்டுவந்து நம் கோப்பில் எழுதிவிடும். சாவியை எழுதுவதற்குப் பதிலாக, 'வேண்டும்போது இன்ன உதவிக் கருவியை அழைத்துச் சீட்டு வாங்கிக்கொள்' என்ற குறிப்பை எழுதுவதே இன்றைய நல்வழக்கம். அமேசானிடம் பெறும் சீட்டுச் சுமார் கால் மணி நேரமே செல்லும். 2022 டிசம்பரில் வந்த 1.26-ஆம் பதிப்பிலிருந்து, கூகுளுக்கும் மைக்ரோசாப்டுக்கும் எனக் கியூப்சிடிஎல்லுக்குள் வைத்திருந்த வழிகள் நீக்கப்பட்டு, தனி உதவிக் கருவியை நிறுவிக்கொள்வது கட்டாயம் ஆயிற்று. கருவியைப் புதுப்பித்தபின் வாசல் திறக்கவில்லை என்று திகைப்போர் முதலில் இதனைப் பார்க்கவேண்டும்.

பிறர் அனுப்பும் கோப்பை வாங்கிப் பயன்படுத்துவோர்க்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. வேறொரு நிரலை ஓட்டச் சொல்லும் குறிப்பை அக்கோப்பில் எழுத இயலும் ஆதலால், தீய எண்ணம் உடையவர் அனுப்பிய கோப்பு நம் கணினிக்கே கேடு செய்யலாம். முன்பின் அறியாதவர் தரும் பொட்டலத்தை விமான நிலையத்தில் வாங்கிச் செல்லக்கூடாது என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லையா? அதுபோல்வதே இதுவும்.

வாசலில் காவலே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. 2018-ஆம் ஆண்டு பிப்ரவரியில், டெஸ்லா மோட்டார் நிறுவனத்தின் குபெர்னெட்டீஸ் நிர்வாகப் பக்கம் ஒன்று கடவுச்சொல் இன்றித் திறந்து கிடந்ததையும், அயலார் அதனுள் புகுந்து அந்நிறுவனத்தின் கணினிகளைக் கொண்டு தங்களுக்கு மறையீட்டு நாணயம் ஈட்டிக்கொண்டிருந்ததையும் 'ரெட்லாக்' என்னும் பாதுகாப்பு நிறுவனத்தார் கண்டு வெளியிட்டனர். அத்துணைப் பெரிய நிறுவனத்துக்கே அது நேர்ந்ததெனில், நம் போன்றோர் அயர்ந்திருக்கலாமா?

எங்கள் வீட்டில் நடந்ததோ களவு அன்று, அன்பினால் நேர்ந்தது. அதனாலேயே அது அதிகம் வருத்திற்று. அந்தப் பிள்ளை இரண்டு நாள் சரியாக உண்ணவில்லை. 'இந்தத் தொழிலே எனக்கு வேண்டாம்' என்று சொல்லத் தொடங்கிவிட்டான். மூன்றாம் நாள் மாலையில் தந்தையார் அவனைத் திண்ணைக்கு அழைத்து அருகில் இருத்திக்கொண்டார். கிளஸ்டரைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் கேட்கவேண்டியதைக் கேட்டார்.

"மக்கா, அந்தச் சாவி ஆரு பேருல இருந்துச்சு?"

"மாமா மாமி பேருலதான், தாத்தா."

"அப்படின்னா தப்பு உனக்கில்ல. பேரு இல்லாத ஒருத்தனுக்கு எல்லாக் கதவையும் தெறந்து விட்டவங்களுக்குத்தான்." பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "அவனுக்குன்னு ஒரு பேரு குடுங்க. கொஞ்சம்போல வேலை குடுங்க. அதுதான் நம்புகதுக்கு அடையாளம்" என்றார்.

அவர் சொன்னபடியே செய்தோம். வீட்டில் பயனின்றிக் கிடந்த பழைய மடிக்கணினி ஒன்றில் 'மினிகியூப்' என்னும் சிறு கிளஸ்டரை நிறுவினோம். பயில்வோர்க்கென அமைந்தது அது. செலவு இல்லை; பிறர் உடைமைக்குச் சேதமும் இல்லை. அதில் அவனுக்கு ஒரு தனிப் பெயரும், ஒரே ஒரு பிரிவில் மட்டும் காண்பதற்கும் ஆக்குவதற்கும் உரிய உரிமையும் வழங்கினோம். நீக்கும் உரிமையை வேண்டுமென்றே விட்டுவிட்டோம். முதல் நாள் அவனுக்கு 403 வந்தபோது எங்களை நிமிர்ந்து பார்த்தான். நாங்கள் சிரித்தோம், மூன்று நாளைக்குப் பின் அவனும் சிரித்தான்.

கட்டளையிடும் முன் மூன்று கேள்விகளைக் கேட்கும் பழக்கத்தையும் எங்கள் மூவருக்கும் சேர்த்தே ஏற்படுத்திக்கொண்டோம். 'ஆத் ஹூஅம்ஐ' என்று தட்டினால், நான் யார் என்பதை வாசல் சொல்லும். 'கான்ஃபிக் கரண்ட்-காண்டெக்ஸ்ட்' என்று தட்டினால், எங்கே நிற்கிறேன் என்பது தெரியும். 'ஆத் கேன்-ஐ' என்று எழுதிச் செய்ய விரும்பும் காரியத்தையும் சேர்த்துக் கேட்டால், செய்யலாமா என்பதற்கு 'ஆம்' அல்லது 'இல்லை' என்று ஆங்கிலத்தில் ஒரே சொல்லில் விடை வரும். மூன்றுக்கும் சேர்ந்து பத்து விநாடி ஆகாது. அந்தப் பத்து விநாடியைச் செலவிட்டிருந்தால் ஐம்பது நிமிடம் மிஞ்சியிருக்கும்.

இக்கதை கணினித் தொழிலோடு நிற்கவில்லை. விடுமுறை முடியும் முன்னர் ஒரு நாள் தந்தையாரின் பணப்பையில் எங்கள் வங்கி அட்டை இருப்பதைக் கண்டோம். ஆறு ஆண்டுகளுக்கு முன் நாங்களே கொடுத்தது. அதன் இரகசிய எண் அவருக்குத் தெரியும், தமக்கைக்குத் தெரியும், மருந்து வாங்கப் போகும் மருமகனுக்கும் தெரியும். ஒருவரும் ஒரு காசு தவறாக எடுத்தவர் அல்லர். ஆனால் என்றேனும் ஒரு நாள் கணக்கில் ஒரு தொகை குறைந்தால், அந்த இரவில் நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்த பார்வையை இக்குடும்பம் முழுவதும் பார்க்க நேரும். தந்தையாரிடம் இதனைச் சொன்னோம். அவர் ஒரு கணம் பேசவில்லை. பிறகு அட்டையை எடுத்து எங்கள் கையில் வைத்தார். மறுநாள் நெய்யாற்றின்கரைக்கு அழைத்துச் சென்று, அவர் பெயரிலேயே ஒரு கணக்குத் தொடங்கினோம். வீட்டுச் செலவு மாதந்தோறும் அதற்குச் செல்கிறது. அவர் பணம், அவர் பெயர், அவர் கையெழுத்து. "இந்த வயசில எனக்கு ஒரு பாஸ்புக்கு" என்று அதனைப் பக்கத்து வீட்டாரிடம் காட்டியதாகத் தமக்கை எழுதினாள்.

அவ்வாறே, நிலத்தின் பொருட்டு உறவினர் ஒருவர்க்கு முன்பு எழுதிக் கொடுத்திருந்த பொது அதிகாரப் பத்திரத்தை, அவருடைய சம்மதத்தோடே, குறிப்பிட்ட ஒரு காரியத்துக்கு மட்டும் உரிய சிறப்பு அதிகாரப் பத்திரமாக மாற்றிக்கொண்டோம். அவரும் மனம் கோணவில்லை. 'என் தலையிலிருந்து ஒரு பாரம் இறங்கிற்று' என்றே சொன்னார். அளவுகடந்த அதிகாரம் பெறுபவர்க்கும் சுமையே என்பதை அதுவரை நாங்கள் எண்ணிப் பார்த்ததில்லை.

மருமகன் இப்போது திருவனந்தபுரத்துத் தொழில்நுட்பப் பூங்காவில் ஒரு நிறுவனத்தில் பயிற்சியாளனாக இருக்கிறான். பாறசாலையில் காலை வண்டி ஏறிப் போய் வருகிறான். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் ஓர் இரவு எங்களை அழைத்தான்.

"மாமி, மூத்தவர் ஒருத்தர், அவசரம்னு சொல்லி அவரோட கோப்பை எனக்கு அனுப்பட்டுமான்னு கேட்டார்."

"நீ என்ன சொன்னாய், மக்களே?"

"எனக்குன்னு ஒரு பேரு வரட்டும் சார், அதுவரைக்கும் காத்திருக்கேன்னு சொன்னேன்."

அந்த மூத்தவர் சினந்துகொள்ளவில்லையாம். மறுநாளே அவன் பெயருக்கு விண்ணப்பம் எழுதினாராம். இதைக் கேட்டதும் எங்களுக்கு உறக்கம் நன்றாக வந்தது.

ஊரில் சாவியை விட்டுவிட்டு வந்திருக்கும் நேயர்களே! அடுத்த முறை ஊருக்குப் பேசும்போது, எந்தச் சாவி யாரிடம் இருக்கிறது, அது யார் பெயரில் இருக்கிறது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அன்பு குறையாது.